கால்நடையாய்க் காணும் ஆலவாய்

திருவிழா நாட்களில் மதுரை மாநகர்க்கு வந்து அங்கயற்கண்ணியம்மையையும் ஆலவாய் அண்ணலையும் வழிபட்டுத் திரும்பும் அன்பர் பல்லாயிரவர். அவர்களுள் பலர் ஊர்தியில் வந்து கோபுரவாயிலின் அருகே இறங்குகின்றனர். வரிசையில் நின்று வணங்குகின்றனர். மீண்டும் ஊர்தியேறி ஊர் சேர்கின்றனர். அம்மையைக் கண்ட நிறைவு அவர்கட்கு உண்டு. ஆயினும் அம்மை ஆளும் ஊரைக் கண்டோம் என்று அவர்கள் சொல்ல இயலுமா? மதுரையைப் பொறுத்தவரை ஊர் வேறு, கோயில் வேறு அன்று. கோயிலின் திருச்சுற்றுக்களே வளர்ந்து வீதிகளாயின. ஆகவே அவ்வூரை நடந்து காண்பதும் ஒருவகை வழிபாடே ஆகும். இன்று நாம் அந்த நடையை மனத்தளவில் மேற்கொள்வோம். வெளிச் சுற்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீதியாக உள்நோக்கிச் சென்று சந்நிதியை அடைவோம். வழியில் காணும் கல்லும் தெருவும் என்ன வரலாறு கூறுகின்றன என்பதையும் கேட்போம்.

ஊர் காணும் மரபு

நகரத்தை நடந்து காண்பது நமக்குப் புதிதன்று. மாங்குடி மருதனார் மதுரைக் காஞ்சியில் இந்நகரின் பகற்கடைகளையும் இரவுக்கடைகளையும் விரித்துரைத்தார். நாளங்காடி, அல்லங்காடி என்று அவற்றுக்குப் பெயர். பரிபாடற் புலவர் ஒருவர் இவ்வூரைத் தாமரை மலராகக் கண்டார். தெருக்கள் அம்மலரின் இதழ்கள். நடுவிலிருக்கும் பொகுட்டு அரண்மனை என்றோ கோயில் என்றோ கொள்ளும்படி அமைந்தது அவ்வுவமை. பிற்காலத்தார் அதனைக் கோயிலுக்கே உரியதாகக் கொண்டு போற்றினர்.

இளங்கோவடிகள் இதற்கென ஒரு காதையே வகுத்தார். அதன் பெயர் ஊர்காண் காதை. கவுந்தியடிகளிடம் கண்ணகியை விட்டுவிட்டுக் கோவலன் தனியே மதுரைக்குள் புகுகின்றான். மணி விற்கும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என ஒவ்வொன்றாகக் கண்டு மகிழ்ந்து மீள்கின்றான். தமிழில் நகர் காணும் நடைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அன்பர்களே, அக்காதையில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கோவலன் கண்டவை எல்லாம் கடைகளும் செல்வமும் காவலுமே. அடுத்து அந்நகரிலேயே ஆராயாத தீர்ப்பினால் அவன் உயிரிழந்தான். வீதியின் அழகைக் கண்டவன், அவ்வீதியில் நீதி எவ்வாறு நடக்கின்றது என்பதைக் காணவில்லை. ஆதலின் ஊர் காண்பவர் இரண்டையும் காணுதல் வேண்டும். இங்கே எது சிறந்து நின்றது என்பது ஒன்று. இங்கே யாருக்கு வழி திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வினாவையும் நெஞ்சில் தாங்கியே நாம் நடக்கத் தொடங்குகின்றோம்.

வெளி வீதி: கோட்டை இருந்த இடம்

மதுரையின் வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தவை. உள்ளிருந்து வெளியே ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஐந்து சுற்றுக்கள். முதல் நான்கும் தமிழ்த் திங்களின் பெயர் தாங்கியவை. ஐந்தாவதற்கு மட்டும் திங்களின் பெயர் இல்லை. காரணம் என்ன? அது திருவிழாவுக்கென எழுந்த வீதியன்று. கோட்டை இருந்து அழிந்த இடம் அது.

விசுவநாத நாயக்கர் காலத்தில் இந்நகரைச் சுற்றிப் பெருங்கோட்டை எழுந்தது. அதற்கு 72 கொத்தளங்கள் எனவும், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பில் இருந்தது எனவும் கூறுவர். மதிலைச் சூழ்ந்து ஆழ்ந்த அகழி கிடந்தது. மக்கள் பெருகவே ஊர் மதிலுக்குள் அடங்கவில்லை; அகழி நீரும் தேங்கி நோய்க்கு இடமாயிற்று. 1840ஆம் ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியராயிருந்த பிளாக்பர்ன் என்பார் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கத் துணிந்தார். அவர் கையாண்ட முறை வியப்பானது. மதிலில் ஒரு பகுதியை இடித்து அகழியை மேடாக்கித் தருபவர்க்கு அந்நிலம் உரியதாகும் என அறிவித்தார். மக்கள் தாமே முன்வந்து மதிலை இடித்தனர். அவ்வாறு பிறந்தவையே வெளி வீதிகள். அருகிலுள்ள மாரட்டு வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்பணியில் ஈடுபட்ட நில அளவையாளர், மேற்பார்வையாளர் ஆகியோரின் பெயர் தாங்கி நிற்பன. அரசர் பெயரைத் தெருவுக்கு இடுதல் எங்கும் உண்டு. வேலை செய்த மேஸ்திரியின் பெயர் ஒரு வீதிக்கு நிலைத்தது இவ்வூரின் பெருமை.

கோட்டை முழுதும் போய்விடவில்லை. பேருந்து நிலையத்தின் அருகே மேலைக் கொத்தளத்தின் ஒரு பகுதி நிற்கின்றது. அம்மன் சந்நிதிக்குக் கிழக்கே விட்டவாசல் என்னும் பழைய வாயிலும் உண்டு. அது நாயக்கர்க்கும் முந்திய பாண்டியர் கோட்டையின் எச்சம். இடிக்காது விடப்பட்டதால் அப்பெயர் பெற்றது என்பர். ஒருவரைத் தடுக்க எழுந்த மதில் போய், எல்லாரும் நடக்கும் வீதி வந்தது. நமது நடையின் முதற்பாடம் இது. இப்பாடத்தை இறுதியில் மீண்டும் நினைவு கூர்வோம்.

மாசி வீதி: இறைவன் வெளிநடந்த வழி

வெளி வீதியிலிருந்து உள்ளே வந்தால் மாசி வீதிகள். சித்திரைத் திருவிழாவில் பதினோராம் நாள் தேரோடுவது இவ்வீதிகளில்தான். அங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுவானேன்? முன்பு திருக்கல்யாணமும் தேரும் மாசித் திங்களில் நிகழ்ந்தன. திருமலை நாயக்கர் காலத்தில் அவை சித்திரைக்கு மாற்றப்பட்டு, அழகர் வைகைக்கு எழுந்தருளும் விழாவோடு இணைக்கப்பட்டன என்பது வரலாற்று வழக்கு. சைவரும் வைணவரும் ஒரே திங்களில் ஒரே ஊரில் கூடும்படி செய்த ஏற்பாடு அது. திங்கள் மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை. ஏட்டில் எழுதாத வரலாற்றைத் தெருவின் பெயர் காத்து நிற்கின்றது.

தேர்வீதி என்பதன் பொருளையும் சிறிது சிந்திப்போம். கருவறைக்கு வந்து வணங்க இயலாதார் எத்தனையோ பேர். நோயாளர், முதியோர், நடக்கமாட்டாதார் ஆகியோர் இருந்த இடத்திலேயே தன்னைக் காணவேண்டும் என்று பெருமான் வீதிக்கு வருகின்றான். அடியார் இறைவனைச் சுற்றி வருவது ஒரு வலம். அடியார் வாழும் ஊரை இறைவன் சுற்றி வருவது மற்றொரு வலம். இரண்டாவதே பெரிது என்பது நம் கருத்து.

இவ்வீதிகளை ஒட்டி மூன்று சிவாலயங்கள் உள்ளன. வடக்கே சிம்மக்கல்லை அடுத்துப் பழைய சொக்கநாதர் கோயில். மேல மாசி வீதியில் இம்மையில் நன்மை தருவார் கோயில். தெற்கு மாசி வீதியில் தென்திருவாலவாய்க் கோயில். இவற்றோடு வைகையின் வடகரையில் செல்லூரில் சம்பந்தப் பெருமான் பாடிய திருவாப்புடையார் கோயிலையும், கிழக்கே தெப்பக்குளத்தை அடுத்த முத்தீசுவரர் கோயிலையும் சேர்த்து ஐம்பூதத் தலங்கள் எனப் போற்றுதல் மதுரை மக்கள் வழக்கம். பழைய சொக்கநாதர் வெளியாகவும், இம்மையில் நன்மை தருவார் நிலமாகவும், தென்திருவாலவாயார் தீயாகவும், ஆப்புடையார் நீராகவும், முத்தீசுவரர் காற்றாகவும் வழிபடப் பெறுகின்றனர். ஐந்து தலத்தையும் தேடி ஐந்து ஊர்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஓரூரில் ஒரு பகற்பொழுதில் கால்நடையாகவே ஐந்தையும் தரிசிக்கலாம்.

பழைய சொக்கநாதர் கோயிலின் முன்னே சற்று நிற்போம். அதன் வரலாற்றைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் ஒரு படலமாக அமைத்தார். இடைக்காடர் என்னும் புலவர் குலேச பாண்டியன் அவையில் தம் செய்யுளைப் பாடினார். அரசனும் கற்றவனே. ஆயினும் பொறாமையால் தலையசைத்துப் பாராட்டாது வாளாவிருந்தான். புலவர் நேரே பெருமான் திருமுன் சென்று, அரசன் இகழ்ந்தது தம்மையன்று, சொல்லும் பொருளுமாகிய அம்மையப்பரையே என்று முறையிட்டு வெளியேறினார். பெருமான் என்ன செய்தான்? தன் இலிங்கத் திருவுருவையும் மறைத்து, உமையம்மையோடு கோயிலை விட்டு வெளிநடந்தான். வைகைக் கரையருகே சென்று அங்கே தங்கினான். அரசன் மூலத்தானம் வெறுமையாயிருப்பது கேட்டு நடுங்கித் தேடிவந்து, பிழை பொறுக்க வேண்டினான், புலவரையும் போற்றினான். அதன் பின்னரே பெருமான் மீண்டான்.

அன்பர்களே, இப்படலத்தைப் பலமுறை கேட்டிருப்போம். கோயிலிலிருந்து அவ்விடம் வரை நடந்து சென்று கேட்கும்போது அதன் பொருள் வேறாகின்றது. ஓர் அடியவன் மதிப்பிழந்து வெளியேறினால், இறைவனும் அவன் பின்னே வெளியேறுவான். இந்த வழி அவன் நடந்த வழி.

மேல மாசி வீதியில் இம்மையில் நன்மை தருவார் கோயிலில் மற்றொரு புதுமை உண்டு. அங்கே பெருமானே பூசகன். சுந்தர பாண்டியனாய் முடிசூடுமுன் சிவபூசை செய்ய விரும்பி, தானே இலிங்கம் நிறுவி வழிபட்டான் என்பது தலவரலாறு. ஆதலின் நாம் காண்பது இலிங்கத்தின் பின்புறம். அதனை வழிபட்டிருக்கும் அம்மையப்பர் திருவுரு அப்பாலே. அரசாள்பவன் முதலில் வணங்கக் கற்கவேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் எதற்கு?

அதே மேல மாசி வீதியில் பிற்கால வரலாறும் ஒன்று உண்டு. 1921ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், அவ்வீதியிலுள்ள வீடொன்றில் தங்கியிருந்த காந்தியடிகள் மேலாடையும் நீள்வேட்டியும் துறந்து அரையாடையோடு வெளிவந்தார். உடுக்கத் துணியற்ற ஏழையின் கோலமே தம் கோலமாதல் வேண்டும் என்று துணிந்த துறவு அது. அவ்வீதியிலிருந்து அம்மன் சந்நிதிக்கு நடக்க அரை நாழிகைக்கு மேல் ஆகாது. ஆயினும் அப்போது அவர் கோயிலுக்குள் செல்லவில்லை. எல்லாரும் புகமுடியாத கோயிலுள் தாமும் புகாமை அவர் கொண்ட நோன்பு. அந்த அரை நாழிகை வழியை நடந்து முடிக்க அவருக்கு 25 ஆண்டுகள் ஆயின. 1946இல்தான் அவர் அம்மையின் திருமுன் நின்றார். இடையில் நடந்தது என்ன என்பதைச் சந்நிதி வாயிலில் காண்போம்.

ஆவணி மூல வீதி: பிரம்படி பட்ட முதுகு

மாசி வீதிக்கு உள்ளே ஆவணி மூல வீதிகள். ஆவணித் திருவிழாவில் பெருமானின் திருவிளையாடல்கள் நாளொன்றாக இங்கே நிகழ்த்தப் பெறுகின்றன. கருங்குருவிக்கு உபதேசித்தல், நாரைக்கு முத்தி கொடுத்தல், மாணிக்கம் விற்றல், தருமிக்குப் பொற்கிழி அளித்தல், வளையல் விற்றல், நரியைப் பரியாக்குதல், பிட்டுக்கு மண் சுமத்தல், விறகு விற்றல் எனத் தொடர்வன அவை. இவற்றை ஒருங்கே எண்ணினால் ஓர் உண்மை புலனாகும். பெருமான் வணிகனாய் வந்தான், வளையல் செட்டியாய் வந்தான், விறகுச் சுமையோடு வந்தான், கூலியாளாய் வந்தான். எக்கோலத்தில் வந்தாலும் வீதியில் நடந்தே வந்தான். மதுரைத் தெருக்களில் தலைச்சுமையோடு நடந்து செல்லும் ஏழையைக் காணும்போதெல்லாம் இந்நினைவு நமக்கு வருதல் வேண்டும்.

தெற்கு ஆவணி மூல வீதியில் மதுரை ஆதீனத் திருமடம் இருக்கின்றது. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அழைக்க மதுரைக்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தப் பெருமான் தங்கிய மடத்தின் வழிவந்தது அது என்பது மரபு. அவர் தங்கிய மடத்துக்குத் தீ வைத்தனர். அடியார்களைத் தீண்டவந்த அத்தீயை, அரசன்பால் பையவே செல்லும்படி பிள்ளையார் பணித்தார். அரசனைப் பற்றிய வெப்புநோய் அதுவே. அதனைத் திருநீற்றுப் பதிகம் பாடித் தீர்த்தருளினார். கூன் நிமிர்ந்த பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் ஆனான். இங்கே நாம் ஊன்றிக் கருதத் தக்கது ‘பைய’ என்னும் பணிப்பாகும். தீ வைத்தவன் ஊரின் அரசன் பக்கத்தவனாயினும், அரசியின் மங்கலம் காக்கப்பட வேண்டும் என்றும், அவ்வரசனும் திருந்தி வாழவேண்டும் என்றும் அவர் எண்ணினார். மாறுபட்டவரை அழித்தல் அவர் நோக்கமன்று, நிமிர்த்துதலே நோக்கம்.

இனிப் பிட்டுக்கு மண் சுமந்த வரலாறு. வைகை பெருகியது. வீட்டுக்கு ஓராள் கரையடைக்க வேண்டும் என்பது அரசாணை. ஆளற்ற வந்திக் கிழவிக்காகப் பெருமான் கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டை உண்டு, வேலையில் விளையாடினான். அரசன் பிரம்பால் அடித்தான். அடி அவன் முதுகில் பட்டது. அரசன் முதுகிலும் பட்டது. அரசியர் மேலும், அமைச்சர் மேலும், நின்றார் நடந்தார் அனைவர் மேலும், எல்லா உயிர்களின் மேலும் பட்டது. ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்புக்குப் பெருமான் எழுந்தருளும் விழா இதனை ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டுகின்றது.

இவ்வரலாற்றின் சித்தாந்தப் பொருள் ஆழ்ந்தது. எல்லா உயிர்களிலும் நிறைந்திருப்பவன் ஒருவன். ஆதலால் ஓர் உயிரின் மேல் விழும் அடி எல்லா உயிர்கள் மேலும் விழுகின்றது. கூலியாள் என்று இகழ்ந்து அடித்தவன் தன் முதுகைத் தடவிக்கொள்ள நேர்ந்தது. இந்த உண்மையைக் கையிற்கொண்டே அடுத்த வீதிக்குச் செல்வோம்.

சித்திரை வீதி: கல்லில் எழுந்த காலம்

சித்திரை வீதிகள் திருமதிலை ஒட்டியவை. ஊர்திகள் புகாமல் நடப்பவர்க்கே உரியனவாக விடப்பட்டவை. ஆதலின் இங்கே தலை நிமிர்ந்து கோபுரங்களைக் கண்டுகொண்டே நடக்கலாம். அவ்வாறு ஒருமுறை வலம்வந்தால் அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைக் கண்டவராவோம். கீழைக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தொடங்கியது. மேலைக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டினது. 160 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டில் சிராமலைச் செவ்வந்திச் செட்டியார் எழுப்பியது. வடக்குக் கோபுரம் நாயக்கர் காலத்தில் தொடங்கி, மேல்நிலை முடியாமல் நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 19ஆம் நூற்றாண்டில் வயிநாகரம் நாகப்பச் செட்டியார் குடும்பத்தார் அதனை முடித்து வைத்தனர். முடிந்த பின்னும் மக்கள் நாவில் அது மொட்டைக் கோபுரமே! வேந்தன் தொடங்கியதை வணிகர் முடித்தார். ஒரு மரபு தொடங்கியதை மற்றொரு மரபு முடித்தது. கோயில் எவர் ஒருவர்க்கும் உரியதன்று என்பதை நான்கு கோபுரமும் நான்கு திசையில் நின்று சொல்கின்றன.

கீழைக் கோபுரத்தின் எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபம். வசந்த விழாவுக்காக அமைந்த 124 தூண்களை உடையது. நாயக்க மன்னர்களின் உருவச் சிலைகளை அதில் காணலாம். நெடுங்காலம் தையற்காரரும் புத்தக வணிகரும் பாத்திரம் விற்போரும் அத்தூண்களின் இடையே வாழ்வு நடத்தினர். திருமணத்துக்கு வேண்டிய துணி தைக்கவும் பஞ்சாங்கம் வாங்கவும் அங்கே செல்லாத குடும்பம் மதுரையில் அரிது. அண்மை ஆண்டுகளில் மண்டபத்தின் நலன் கருதிக் கடைகள் வேறிடம் மாற்றப்பட்டன. அதற்கும் கிழக்கே நிற்பது இராயகோபுரம். உலகிலேயே பெரிய கோபுரமாக்கக் கருதி நாயக்கர் தொடங்கியது என்பர்; அடிநிலையோடு நின்றுவிட்டது. ஒற்றைக் கல்லாலாகிய நிலைக்கால்கள் அண்ணாந்து பார்க்க வைக்கின்றன. அருகில் எழுகடல் தெரு. தடாதகைப் பிராட்டியின் தாய் காஞ்சனமாலை கடலாட விரும்ப, எழுகடலையும் பெருமான் ஓரிடத்தில் அழைத்த திருவிளையாடலின் பெயர் தாங்கியது. கடலை அழைத்த இடத்தில் இன்று குளமும் இல்லை, கடைகளே உள்ளன. பெயர் மட்டும் அலை வீசுகின்றது.

இவ்விடத்தில் ஒரு துயரத்தையும் நினையாமல் செல்ல இயலாது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் இரவு, கீழைக் கோபுரத்தை அடுத்த வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. அங்கிருந்த கடைகள் எரிந்தன. நூற்றாண்டுகள் நின்ற கற்கூரையும் தூண்களும் வெடித்துச் சரிந்தன. ஓரிரவில் போனதை மீண்டும் எழுப்பக் கல் தேடியும் சிற்பிகளைக் கூட்டியும் ஆண்டுக்கணக்கில் உழைக்க நேர்ந்தது. அதன் பின்னர்க் கோயிலுள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. கல் அழியாது என்று நாம் நம்பியிருந்தோம். நாள்தோறும் நடந்து கண்டு காப்பவர் இல்லையேல் கல்லும் அழியும் என்று அத்தீ உணர்த்திற்று.

ஆடி வீதி: வாயிலைத் திறந்தவர்

மதிலுக்குள்ளே ஆடி வீதி. ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்புடைய திருக்கோயிலின் உட்சுற்று இது. தமிழ்ச் சொற்பொழிவும் திருமுறை இசையும் நாம் கேட்டு மகிழ்ந்த இடம். உள்ளே சென்றால் பொற்றாமரைக் குளம். அதன் கரையில் சங்கப் புலவர் கூடினர், சங்கப்பலகை நூல்களை அளந்தது, வள்ளுவர் நூலும் அரங்கேறியது என்பது மரபு. அக்குளக்கரைச் சுவரில் திருக்குறள் பொறித்த கற்பலகைகளை இன்றும் காண்கின்றோம். வெள்ளியம்பலத்தில் கூத்தப்பெருமான் வலக்கால் தூக்கி ஆடுகின்றான். ஒரு காலையே ஊன்றி ஆடினால் நோகுமே என்று இராசசேகர பாண்டியன் உருக, அவனுக்காகக் கால் மாறி ஆடிய கோலம் அது. அன்பனின் இரக்கத்துக்காகத் தன் ஆடலையே மாற்றிக்கொள்பவன் நம் பெருமான்.

அத்தகைய பெருமானின் வாயில் எல்லார்க்கும் திறந்திருந்ததா? தொடக்கத்தில் நெஞ்சில் தாங்கிய வினாவுக்கு இப்போது விடை கூற வேண்டும். இல்லை. நீண்ட காலம் நம் மக்களுள் பலர்க்கு அது மூடியே கிடந்தது. கோயிலுக்குக் கல் சுமந்தவர், வயலில் நெல் விளைத்தவர், நந்தவனத்துக்கு மண் வெட்டியவர், அவர்தம் மக்கள் இந்த வாசலைக் கடக்க இயலவில்லை. பெருமான் வீதிக்கு எழுந்தருளினாலன்றி அவர்க்குக் காட்சி இல்லை. திருநாளைப்போவார் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பாடிப் பல நூற்றாண்டுகள் சென்றும், திருப்புன்கூரில் நந்தியை விலகச் செய்த பெருமானின் திருவுளத்தை நாம் உணரவில்லை. நந்தி விலகியது, நாம் விலகவில்லை.

1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் அது மாறிற்று. மதுரை வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட ஐவரையும் நாடார் மரபினர் ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு திருக்கோயிலுள் புகுந்தார். பின்னாளில் தமிழக அமைச்சராய் விளங்கிய கக்கன் அவ்வைவருள் ஒருவர். கோயில் நிருவாக அதிகாரி நாயுடு துணை நின்றார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரும் ஆதரவு தந்தார். எதிர்ப்பும் கடுமையாகவே எழுந்தது. வைத்தியநாதர் தம் உறவினராலும் விலக்கப்பட்டார். பூசகர் சிலர் பணியை விட்டு நீங்கினர், வழக்குகளும் நடந்தன. இராசாசி தலைமையில் அமைந்த அரசு அவசரச் சட்டம் இயற்றி, பின்னர் அதே ஆண்டில் சட்டமாகவே நிறைவேற்றி அச்செயலுக்குக் காப்பு அளித்தது.

அறுவர் நடந்த தொலைவு எவ்வளவு? வாயிற்படியிலிருந்து சந்நிதி வரை சில நூறு அடிகள். ஆனால் இம்மாநகரின் வரலாற்றில் அதனினும் நெடிய நடை வேறில்லை என்பது நம் துணிபு. புலவனுக்காகப் பெருமான் கோயிலை விட்டு வெளிநடந்தான் என்று மாசி வீதியில் கண்டோம். வெளியே நிறுத்தப்பட்டவரோடு அவனும் வெளியேதான் நின்றிருந்தான் அல்லவா? அந்நாளில் உள்ளே வந்தவர் அறுவர் மட்டும் அல்லர். அவர்களோடு பெருமானும் மீண்டு வந்தான் என்று கொள்வதே பொருந்தும். கூலியாள் மேல் பட்ட அடி எல்லார் மேலும் பட்டது என்று ஆவணி மூல வீதியில் கண்டோம். ஒருவர்க்கு அடைத்த கதவு எல்லார்க்கும் அடைத்த கதவே. அது திறந்தபோது நம் அனைவர்க்கும் திறந்தது. வெளி வீதியில் மதில் வீதியாயிற்று. ஆடி வீதியில் தடை வழியாயிற்று. மேல மாசி வீதியில் அரையாடை பூண்டவர் 1946இல் இவ்வழியேதான் வந்து வணங்கினார்.

நாம் செய்யத் தக்கது

அன்பர்களே, வெளியிலிருந்து உள்ளே ஐந்து சுற்று நடந்தோம். கோட்டையும் தேரும் கோபுரமும் கண்டோம். கோவலன் காணாது விட்டதையும் கண்டோம். இந்நடையை மனத்தில் நிகழ்த்தியது போதாது. அடுத்த முறை மதுரைக்கு வரும்போது, ஒரு வைகறையில், ஊர்தியை வெளி வீதியிலேயே விட்டுவிடுங்கள். பிள்ளைகளையும் கையைப் பற்றி அழைத்து வாருங்கள். தெருவின் பெயர்களை அவர்கள் வாயால் சொல்லச் செய்யுங்கள். இங்கே பெருமான் விறகு சுமந்தான், இங்கே கோபித்து நடந்தான், இவ்வாயிலில் 1939இல் நம்மவர் அறுவர் முதன்முதலாக உட்சென்றனர் என்று சொல்லிக் கொடுங்கள். பெயரை மறந்தால் வீதி வெறுங்கடைத் தெருவாகும். வரலாற்றை மறந்தால் அடைத்த கதவுகள் வேறு வடிவில் மீண்டும் அடைபடும்.

வழியில் எதிர்ப்படும் சுமைகூலியாளுக்கு ஒதுங்கி இடங்கொடுங்கள். அவன் யாரென்று நமக்குத் தெரியாது. இந்த ஊரில் ஒருமுறை அப்படித் தெரியாமல் போனதன் தழும்பை நாம் இன்னும் முதுகில் தாங்கியிருக்கின்றோம்.

அங்கயற்கண்ணியோடு அமர்ந்த ஆலவாய் அண்ணல் நம் கால்களுக்கு வலிமையும், கண்களுக்கு உண்மை காணும் ஒளியும், நெஞ்சுக்கு எல்லாரையும் உடனழைத்துச் செல்லும் அன்பும் தந்தருள்வானாக!

திருச்சிற்றம்பலம்.